அடுத்தது யார் முறை? சண்டை வரிசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறேழு பேர் கூடி ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறோம். ஒருவர் ஜி.எம்., அதாவது கதையை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பேச்சு, துப்பு, பயணம் எல்லாம் வாய்ச்சொல்லிலேயே ஓடிவிடும். கத்தியை உருவியதும்தான் "யார் முதல்ல?" என்று சத்தம் கிளம்பும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சண்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில்தானே அடித்துக்கொள்வார்கள்? வரிசை எதற்கு?

கதைக்குள் ஒரே நேரம்தான். எல்லோருக்கும் ஒரு முறை வந்து முடிவதை ரவுண்டு என்போம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்ற ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்டு என்பது 6 விநாடி. அதற்குள் நம் ஆட்களும் எதிரிகளும் ஓடி, வெட்டி, மந்திரம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் மேசையைச் சுற்றி ஏழு பேரும் ஒன்றாகப் பேசினால் மீன் மார்க்கெட்தான்.

இதில் நான் பார்க்கும் கணக்கு வேறு. ஆறு பேர் ஆடுகிறார்கள், ஆளுக்கு 2 நிமிடம், எதிரிகளை நகர்த்த ஜி.எம்.முக்கு 5 நிமிடம் என்று வையுங்கள். உங்கள் முறை முடிந்து மறுபடி வர 15 நிமிடம் ஆகும். கீழே இறங்கி நாயர் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். வரிசை என்பது எந்தப் பாத்திரம் வேகமானது என்று சொல்வதைவிட, எந்த மனுஷன் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்பதைத்தான் அதிகம் முடிவு செய்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கண்ணோடு எழுதியவை. சண்டை என்றால் நுணுக்கமாக, நிஜம் போல இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு என் பதில்கள் பிடிக்காமல் போகலாம்.

பெரும்பாலானோர் ஆடும் முறை எது?

இருபது பக்க டைஸ், அதாவது டி20. சண்டை தொடங்கியதும் எல்லோரும் ஒரு தடவை உருட்டி, தங்கள் பாத்திரத்தின் டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பு எண்ணைக் கூட்டிச் சொல்கிறார்கள். இதற்கு இனிஷியேட்டிவ் என்று பெயர். பெரிய எண் முதலில், அப்புறம் இறங்கு வரிசை. சண்டை முடியும்வரை அதே வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து டி அண்ட் டி இப்படித்தான் போகிறது. ஒரு தடவை எழுதி வைத்தால் போதும் என்பதே இதன் பெரிய வசதி.

என் பாத்திரத்துக்கு டெக்ஸ்டெரிட்டி +3 இருக்கிறது. ஆனாலும் எப்போதும் பின்னால்தான் வருகிறேன். டைஸில் கோளாறா?

உங்கள் டைஸ் நல்ல டைஸ்தான். +3 உள்ளவரும் ஒன்றும் கூட்டாதவரும் டி20 உருட்டினால் மொத்தம் 400 விதமாக விழலாம். அதில் +3 காரர் முந்துவது 247. ஒரே எண் ஆவது 17. பிந்துவது 136. அதாவது மூன்றில் ஒரு தடவை நீங்கள் பின்னால்தான் போவீர்கள். இருபது பக்கம் என்பது அவ்வளவு அகலம். +3 அதில் கடலில் கரைத்த பெருங்காயம்.

வேகத்துக்கு மரியாதை வேண்டும் என்றால் பக்கம் குறைந்த டைஸ் எடுக்க வேண்டும். டி6 உருட்டி +3 கூட்டினால் உங்களை முந்துவது லேசில் நடக்காது. ஆனால் அப்போது எல்லாச் சண்டையிலும் அதே ஆள் முதலில் வருவார், அதுவும் சலிப்புத்தான். கால்வேகம்தான் எல்லாம் என்பதை ஏற்காதவர்களுக்கு பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு நல்ல வழி வைத்திருக்கிறது. அதில் வழக்கமாகப் பெர்செப்ஷன், அதாவது சுற்றிலும் கவனிக்கும் திறனை வைத்து உருட்டுவார்கள். பதுங்கி வருகிறவர் பதுங்கும் திறனை வைத்து உருட்டலாம். சண்டை வரப்போவதை மோப்பம் பிடித்தவன் முந்துகிறான் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பேச்சுவார்த்தை நடுவில் ஒருவர் "நான் வெட்டுறேன்!" என்று கத்திவிட்டார். அந்த வெட்டு முதலில் விழுமா?

எங்கள் மேசையில் மாதம் ஒரு சண்டை இதை வைத்தே நடக்கிறது. கதைக்குள் இல்லை, வெளியே.

ஒரு ஆட்டத்தில் எங்கள் கூட்டம் அரியாங்குப்பம் ஆற்றில் கள்ளத்தனமாகச் சரக்கு ஏற்றி வந்தது. கதை நடப்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில். சுங்கச்சாவடி அதிகாரியோடு ஒருத்தி நயமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் என் மாமா பையன் "வெட்டிட்டேன்" என்றான். "நான்தானே முதல்ல சொன்னேன், அண்ணே?" என்பது அவன் வாதம்.

விதிப்படி, இல்லை. வாயால் முதலில் சொன்னதால் கை முதலில் போய்விடாது. வெட்டுகிறேன் என்ற நொடியில் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரும் இனிஷியேட்டிவ் உருட்ட வேண்டும். அதிகாரிக்குப் பெரிய எண் வந்தால், கை பிடிக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார் என்று பொருள். கத்தியவனுக்கு 2 விழுந்தால் வாள் உறையில் மாட்டிக்கொண்டது என்று ஜி.எம். சொல்லிவிட்டுப் போகலாம். இதை விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் யார் முதலில் கத்துவது என்று போட்டி போடுவார்கள். அமைதியாக ஆடுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

ஆனால் அதிகாரி உண்மையிலேயே எதிர்பார்க்கவில்லை என்றால்? அது அடுத்த கேள்வி.

பதுங்கியிருந்து தாக்கினால் எப்படி?

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் படகை மறைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். எதிரிப் படகு வாய்க்காலில் திரும்புகிறது. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி, உங்களைக் கவனிக்காத ஒவ்வொருவரும் முதல் ரவுண்டில் தன் முறை வந்தாலும் நகரவோ செயல்படவோ முடியாது. பதிலடியும் அந்த முறை முடியும்வரை கிடையாது. கிட்டத்தட்ட ஒரு ரவுண்டு இலவச அடி. நாலைந்து பேர் ஒன்றாக இறங்கினால் சண்டை அங்கேயே முடிந்துவிடும். பதுங்கியவர்களுக்கு ஆனந்தம். அதே வித்தையை ஜி.எம். திருப்பிச் செய்தால் மேசையே துக்க வீடாகும்.

2024இல் திருத்தி வந்த விதிகள் இதை மென்மையாக்கிவிட்டன. எதிர்பாராதவர் இனிஷியேட்டிவுக்கு இரண்டு டி20 உருட்டிச் சின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சராசரி 10.5 என்பது 7.2 அளவுக்கு இறங்கும். பின்தங்குவார், ஆனால் முறை பறிபோகாது. தன் முறையை முழுதாக இழந்து உட்கார்ந்திருப்பது போல எரிச்சல் தருவது வேறு இல்லை என்பதால் நான் புதிய விதியின் பக்கம்.

இருவருக்கு ஒரே எண் விழுந்தால்?

நம் ஆட்கள் இருவர் என்றால் அவர்களே பேசித் தீர்க்கலாம். ஆட்டக்காரருக்கும் எதிரிக்கும் என்றால் டி அண்ட் டியில் ஜி.எம். முடிவு, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் எதிரிதான் முதலில். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரே எண் வந்தால் சாபூத்திரி. இரண்டே பேர் என்றால் சாபூத்திரி போட முடியாது, தனித்து நிற்க ஆள் வேண்டுமே. அப்போது ஒத்தையா ரெட்டையா.

ஒவ்வொரு ரவுண்டும் புதிதாக உருட்டினால் விறுவிறுப்பாக இருக்குமே?

பழைய ஆட்டம் அப்படித்தான் இருந்தது. 1989இல் வந்த ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்டு டி அண்ட் டி) இரண்டாம் பதிப்பில் ரவுண்டுக்கு ரவுண்டு டி10 உருட்ட வேண்டும், சின்ன எண்தான் முதலில். ஆயுதத்தின் வேக எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம்: குத்துவாளுக்கு 2, இரு கையால் பிடிக்கும் பெரிய வாளுக்கு 10. மந்திரத்துக்கும் சொல்லி முடிக்கும் நேரம் ஒரு எண். அதற்குள் அடி வாங்கினால் மந்திரம் வீண். அதனால்தான் அந்த உருட்டலுக்கு அர்த்தம் இருந்தது. மந்திரவாதி வாயைத் திறந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

இன்றைய விதிகளில் மந்திரத்தை அப்படிக் கெடுக்க முடியாது. எனவே சும்மா திரும்பத் திரும்ப உருட்டினால் கூட்டல் கணக்குத்தான் மிஞ்சும். ஒரு மாதம் செய்து பார்த்தோம். ரவுண்டுக்கு 3 நிமிடம் எண் எழுதவே போனது. விட்டுவிட்டோம்.

ஒரு அணி முழுக்க முதலில், மற்ற அணி அப்புறம் என்று ஆடலாமா?

ஆடலாம், குழந்தைகளோடு ஆட இதைவிட நல்லது இல்லை. 1981இல் வந்த டி அண்ட் டி அடிப்படைப் பெட்டியில் அணிக்கு ஒரு டி6, பெரிய எண் விழுந்த அணி முதலில். நம் முறை வந்தால் எல்லோரும் கூடிப் பேசி, "நீ கதவைப் பிடி, நான் விளக்கை அணைக்கிறேன்" என்று திட்டம் போடலாம். யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரே ஒரு பள்ளம் உண்டு. ஒவ்வொரு ரவுண்டும் உருட்டுவதால், எதிரிகள் இந்த ரவுண்டில் கடைசியாகவும் அடுத்ததில் முதலாவதாகவும் வரலாம். அப்படியானால் அவர்கள் இரண்டு முறை தொடர்ந்து அடிப்பார்கள். உடம்பில் தெம்பு குறைவாக உள்ள முதல் நிலைப் பாத்திரங்கள் அதில் செத்தே போவார்கள். முதல் ரவுண்டில் மட்டும் உருட்டி, அப்புறம் மாற்றி மாற்றிப் போங்கள்.

சீட்டுக்கட்டு வைத்து ஆடுகிறார்களாமே?

சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ஆட்டம். ஒவ்வொரு ரவுண்டும் ஆளுக்கொரு சீட்டு. ஏஸ் முதலில், கடைசியில் இரண்டு. ஒரே எண் என்றால் ஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்ற வரிசை, எனவே சமமே வராது. ஜோக்கர் வந்தவர் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே புகலாம், உருட்டலுக்கு +2வும் உண்டு. அந்த ரவுண்டு முடிந்ததும் கட்டைக் கலைத்துப் போட வேண்டும். எழுதவே தேவையில்லை, சீட்டு முன்னாலேயே கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. என்ன, சீட்டுக்கட்டை எடுத்தாலே எங்கள் பாட்டி முகம் மாறிவிடும். காசு வைக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆட வேண்டியிருக்கிறது.

டைஸும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்றால்?

முடித்தவர் அடுத்தவரைக் கை காட்டும் முறை ஒன்று இருக்கிறது. 2012இல் வந்த மார்வெல் ஹீரோயிக் ஆட்டத்தால் பரவலானது. எல்லோருக்கும் ஒரு முறை வந்தபின், கடைசியாகச் செய்தவர் அடுத்த ரவுண்டைத் தொடங்குபவரைச் சொல்வார், தன்னையே கூடச் சொல்லலாம். புதிதாக ஆடுகிறவர்கள் நம் ஆட்களையே வரிசையாகக் கை காட்டிவிட்டு எதிரிகளைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அப்புறம் கடைசி எதிரி அடுத்த ரவுண்டிலும் எதிரிகளையே கை காட்டும்போதுதான் உறைக்கும்.

டன்ஜன் வேர்ல்ட் போன்றவற்றில் வரிசையே இல்லை. கதை யாரிடம் போகிறதோ அவர் பேசுவார், ஜி.எம். பார்த்துப் பகிர்ந்து தருவார். கூச்சமில்லாத மேசைக்குச் சரி. எங்கள் மேசையில் இரண்டு பேருக்கு வாய் மூடாது, ஒருவர் கேட்டால்தான் பேசுவார். எங்களுக்குச் சரிப்படவில்லை.

டி20 இல்லை, வீட்டில் தாயக்கட்டைதான் இருக்கிறது. ஆகுமா?

தாராளமாக! கடற்கரைச் சாலையில் மாலை வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு சுவரோரம் உட்கார்ந்து ஆடும்போது நாங்கள் தாயக்கட்டைதான் எடுத்துப் போவோம். டி20 உருண்டு பாறைக்கு நடுவே விழுந்தால் போனது போனதுதான், சீட்டு காற்றில் பறக்கும். பித்தளைக் கட்டை போட்ட இடத்தில் கிடக்கும்.

ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை சேர்ந்து 16 விதமாக விழும். அதில் 3 வருவது நான்கு விதம், 2உம் 4உம் மும்மூன்று, தாயமும் 5உம் இரண்டிரண்டு, 6 ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுந்து 12 ஆவது ஒன்று. நடுவில் குவிந்த எண்கள், உச்சியில் தனியாக ஒரு பன்னிரண்டு. டி20இல் கிடைக்காத சுவை இது. பன்னிரண்டு விழுந்தவர் கேள்வியே இல்லாமல் முதலில் போகிறார், அதுவும் ஒரு கூச்சலோடு.

மூன்று திருத்தம் தேவைப்பட்டது. முதலாவது, +3ஐ அப்படியே கூட்டினால் எண்கள் தாங்காது. எனவே 2, 3 உள்ளவருக்கு +1, அதற்கு மேல் உள்ளவருக்கு +2 என்று சுருக்கிக்கொண்டோம். இரண்டாவது, ஒரே எண் அடிக்கடி விழும். இருவர் போட்டால் டி20இல் 5 சதவீதம். இங்கே 17 சதவீதம். ஐந்து பேர் போட்டால் பத்துக்கு ஒன்பது தடவை எங்காவது இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். அப்போது பாத்திரத்தின் முழு டெக்ஸ்டெரிட்டியைப் பார்த்துத் தீர்க்கிறோம். மூன்றாவது திருத்தம் பாட்டி போட்டது. "தாயம் போட்டவன் கடைசியா? எந்த ஊரு நியாயம்டா இது?" என்றார். சரி என்று, தாயம் விழுந்தவர் இன்னொரு தடவை போட்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டோம்.

எட்டு எதிரிகள் வந்தால் எட்டுக்கும் தனித்தனியாக உருட்ட வேண்டுமா?

வேண்டாம். ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே உருட்டல் போதும் என்று டி அண்ட் டி விதியே சொல்கிறது. ஆனால் எட்டும் ஒன்றாக வந்தால் யாராவது ஒருவர் மேல் எட்டும் பாய்ந்து, அவர் தன் முறையைக் காணாமலே விழுந்துவிடுவார். நான்கு நான்காகப் பிரித்து இரண்டு எண் கொடுங்கள்.

தனியாக வரும் பெரிய எதிரிக்கு நேர்மாறான தொல்லை. ஐந்து பேர் அடித்த பிறகு அது ஒரு தடவை அடிக்கும், அதற்குள் பாதி உயிர் போயிருக்கும். ஐந்தாம் பதிப்பில் இப்படிப்பட்ட எதிரிகளுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் இருக்கிறது: ரவுண்டுக்கு இத்தனை தடவை என்ற கணக்கில், மற்றவர் முறை முடியும்போது இடையில் புகுந்து ஒரு சின்ன வேலை செய்யும். மறக்காமல் பயன்படுத்துங்கள். நானே பாதி நேரம் மறந்துவிடுகிறேன்.

என் முறையைத் தள்ளிப்போட்டு, அவர் வந்த பிறகு செய்யலாமா?

மூன்றாம் பதிப்பிலும் பாத்ஃபைண்டரிலும் தள்ளிப்போடலாம், வரிசையில் உங்கள் இடம் கீழே இறங்கும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் அது இல்லை. "கதவு திறந்தால் அம்பு விடுவேன்" என்று நிபந்தனை சொல்லிக் காத்திருக்க மட்டும் முடியும். கதவு திறக்கவில்லையா, அந்த முறை வீண்தான். 2024 விதிகளில் அலர்ட் என்ற ஃபீட், அதாவது சிறப்புத் திறன் எடுத்தவர் சண்டைத் தொடக்கத்தில் கூட்டாளி சம்மதித்தால் அவரோடு இனிஷியேட்டிவை மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. மந்திரவாதிக்கு முன்னுரிமை கொடுக்கும் திருடனைப் பார்க்க அழகாகவே இருக்கிறது.

வரிசையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எப்படி வைப்பது?

கல்யாணப் பத்திரிகை. சிரிக்காதீர்கள். முகூர்த்த மாதம் முடிந்தால் வீட்டில் பத்து பதினைந்து தடித்த அட்டை சேர்ந்துவிடும். பட்டையாக வெட்டி, நடுவில் மடித்து, இரு பக்கமும் பெயர் எழுதி, துணிக் கொடி கிளிப்பால், ஜி.எம். தன் குறிப்புகளை மறைக்க வைக்கும் தடுப்பின் மேல் வரிசையாக மாட்டுங்கள். ஜி.எம். பக்கம் பார்க்கும் முகத்தில் பாத்திரத்தின் உயிர், கவச எண்களையும் எழுதலாம். யாராவது விழுந்தால் அட்டையைத் திருப்பி மாட்டினால் போதும். மாடிக் காற்றுக்கு கிளிப் இல்லாமல் எதுவும் நிற்காது.

இதோடு ஒரு பழக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருவர் பெயரைச் சொல்லும்போதே அடுத்தவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். "இப்ப வில்காரர், அடுத்து வைத்தியர், தயாரா இருங்க." இந்த ஒரு வரியால் எங்கள் ரவுண்டு நன்றாகவே சுருங்கியது. மேலே சொன்ன எல்லா முறைகளையும்விட இதற்குப் பலன் அதிகம்.

முறை வந்தும் யோசித்துக்கொண்டே இருப்பவரை என்ன செய்வது?

புதியவர் என்றால் விட்டுப்பிடியுங்கள், இரண்டு யோசனை சொல்லிக் கொடுங்கள். பழைய ஆள் என்றால் பத்து எண்ணுங்கள், அதற்குள் சொல்லாவிட்டால் அவர் பாத்திரம் தற்காத்துக்கொள்கிறது என்று நகருங்கள். கோபித்துக்கொள்வார். அடுத்த தடவை தயாராக இருப்பார்.

பாதிச் சண்டையில் ஒருவர் வந்து சேர்ந்தால்?

கடலூரிலிருந்து வருகிறவர் தவளக்குப்பத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் இது நடக்கத்தான் செய்யும். வந்ததும் உருட்டச் சொல்லுங்கள், அடுத்த ரவுண்டிலிருந்து அந்த இடத்தில் புகுந்துகொள்ளட்டும். முதலில் தண்ணீர் கொடுங்கள்.

சண்டை முடியுமுன் கிளம்பும் நேரம் வந்துவிட்டால்?

வரிசை அட்டைகளைப் போனில் படம் எடுங்கள். யார் முறையில் நின்றது, யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், எந்த மந்திரம் இன்னும் ஓடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள், அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கள் நோட்டில் கடைசி வரி "கொள்ளையர் தலைவன் முறை, கத்தி ஓங்கியாச்சு" என்பது. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு பரீட்சை, ஒரு மழை. மூன்று வாரமாக அந்த ஆள் ஓங்கிய கையோடு நிற்கிறான்.